தலைவரம்மாவின் மடிப்பிச்சை

வாக்கு எண்ணும் மையத்தின் வாசலில் கட்டியிருந்த ஒலிபெருக்கி ஒரு முறை கரகரத்தது, இரண்டு முறை இருமியது, அப்புறம்தான் விஷயத்துக்கு வந்தது. ஆற்றுப்புதூர் ஊராட்சி மன்றத் தலைவர் பதவிக்குப் பூட்டு சாவிச் சின்னத்தில் நின்ற ஆ. ஜூலியா பதினோரு ஓட்டு வித்தியாசத்தில் வெற்றி. அந்தப் பதினோரு ஓட்டுக்கு அன்றைக்கு வெடித்த வெடியைக் கேட்டவர்கள் பதினோராயிரம் என்றுதான் நினைத்திருப்பார்கள். சங்கராபுரத்திலிருந்து ஊர் வரைக்கும் டிராக்டர்கள் வரிசை கட்டின. மூங்கில்துறைப்பட்டு ஆலைக்குக் கரும்பு ஏற்றிப்போகும் டிரெய்லர்களில் அன்றைக்குக் கரும்புக்குப் பதில் ஆட்கள். முதல் டிராக்டரில், மாலைக்குள் பாதி முகம் புதைந்து, ஜூலியா உட்கார்ந்திருந்தாள்.

இவ்வளவு ஆட்டத்துக்கும் காரணம் இருந்தது. போன மாதம் வரை ஜூலியா நூறு நாள் வேலையில் ஆட்களைக் கட்டி மேய்த்த பொறுப்பாளர். அவள் புருஷன் ஆல்பின் சர்க்கரை ஆலையில் கரும்பு அரைக்கிற இடத்தில் வேலை பார்ப்பவன். எதிர்த்து நின்ற ஆயம்மாள் யார் என்றால், மாமனார் தலைவர், புருஷன் தலைவர், கொழுந்தன் தலைவர். அந்த வீட்டை விட்டு நாற்காலி வெளியே போனதே இல்லை. இந்த முறை பெண்களுக்கு ஒதுக்கின இடம் என்றதும், சரி, மாமியார் வீட்டுச் சொத்து மருமகளுக்கு வருகிறது என்றுதான் ஊரே பேசிக்கொண்டது. அப்பேர்ப்பட்ட வீட்டைக் கோயில் தெருப் பெண் ஒருத்தி ஜெயித்துவிட்டாள். கோயில் தெரு என்பது அந்தோணியார் கோயிலும் அதைச் சுற்றிக் கிறிஸ்தவக் குடும்பங்களும் இருக்கிற தெரு.

ஊர்வலம் தெருமுனைக்கு வந்ததும் ஜூலியா டிராக்டரை நிறுத்தச் சொன்னாள். அங்கே குகை மாதிரி கட்டின ஒரு சின்னக் கெபி, உள்ளே குழந்தை ஏசுவைக் கையில் ஏந்திய அந்தோணியார். மாலையைக் கழற்றி அவர் காலடியில் போட்டுவிட்டு, மண்ணில் முட்டி போட்டு, மூக்கும் கண்ணும் ஒழுக ஒழுக அழுதாள். மேளக்காரர்கள் அடிப்பதா நிறுத்துவதா என்று தெரியாமல் விழித்தார்கள்.

அவள் அழுததற்கும் காரணம் இருந்தது. ஓட்டுப்பதிவுக்கு முந்தின நாள், ஆயம்மாள் பக்கம்தான் காற்று வீசுகிறது என்று ஆளாளுக்குச் சொன்னபோது, இதே இடத்தில் முட்டி போட்டுத்தான் வாய்விட்டுக் கேட்டிருந்தாள்.

"அந்தோணியாரே, என்ன ஜெயிக்க வச்சிடு. ஊர்ல ஒரு வூடு வுடாம மடிப்பிச்சை எடுத்து, உன் திருநாளுக்குக் கஞ்சி காச்சி ஊத்தறேன்."

பக்கத்தில் நின்ற ஆல்பின் கேட்டான். குடத்தோடு போன பெண்கள் கேட்டார்கள். எல்லாருக்கும் மேலே, கேட்க வேண்டியவர் கேட்டார்.

மடிப்பிச்சை என்றால் அந்தப் பக்கத்தில் விளையாட்டில்லை. காவிச் சேலை கட்டி, செருப்பில்லாமல், முந்தானையை ஏந்திக்கொண்டு வாசல் வாசலாக நிற்க வேண்டும். வேண்டியவர் வீடு, வேண்டாதவர் வீடு என்று பார்க்கக் கூடாது. போட்டதை வேண்டாம் என்று சொல்லக் கூடாது. காசு கொடுத்து வாங்கின அரிசி செல்லாது. திருநாள் கொடி இறங்குவதற்குள் அடுப்பில் ஏற்றிவிட வேண்டும். சொன்னால் சொன்னதுதான்.

ஜூலியா நல்ல தலைவராகவே இருந்தாள், அதைச் சொல்லாமல் விட்டால் பாவம். வருஷக்கணக்காக ஒழுகிக்கொண்டிருந்த மேல்நிலைத் தொட்டியை இடித்துப் புதிதாகக் கட்டினாள். சுடுகாட்டுப் பாதைக்கு விளக்குப் போட்டாள். ஒன்றிய அலுவலகத்தில் அவள் போய் நின்றால் ஆபீசர்களே நாற்காலியைத் தேடினார்கள். காரியம் ஒன்று முடிய முடிய அவள் பேச்சும் கொஞ்சம் கொஞ்சமாக மாறிக்கொண்டு வந்தது. முதலில் யார் பாராட்டினாலும், "எல்லாம் அந்தோணியார் புண்ணியம்" என்றாள். பொங்கல் வாக்கில், "அந்தோணியார் புண்ணியம், நம்ம உழைப்பும் இருக்குதில்ல" என்றாள். கோடை வருவதற்குள் அந்தோணியார் மெதுவாக இறங்கிக்கொண்டார். "ஒத்தப் பொம்பளையா நின்னு ஜெயிச்சேன்" என்பது மட்டும் நின்றது.

கோயிலிலும் அப்படித்தான். முன்பெல்லாம் பெண்கள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, ஜெபம் சொல்ல ஆள் வேண்டும் என்றால் எல்லாரும் திரும்பிப் பார்க்கிற ஆளாக இருந்தவள் அவள். அவள் ஜெபம் சொன்னால் கல்நெஞ்சுக்காரிக்கும் கண் கலங்கும். இப்போது அவளுக்கென்று முன்வரிசையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி வந்தது. பிரசங்கம் நடக்கும்போது போன் வந்தால் எழுந்துபோய்ப் பேசினாள். கல்வராயன் மலையில் கோடை விழா நடந்தபோது கரியாலூர் மேடையில் அவளுக்கும் ஓர் இடம் கொடுத்துச் சால்வை போட்டார்கள். மலைக்காற்றும் கைதட்டலும் சேர்ந்து தலைக்கு ஏறிவிட்டது. ஊருக்குத் திரும்பி மறுநாள்தான், நேற்று ஞாயிற்றுக்கிழமை, பூசைக்குப் போகவில்லை என்பதே நினைவுக்கு வந்தது. அதில் அவளுக்கு உறுத்தல் ஏதும் இல்லை. அதுதான் கவலைப்பட வேண்டிய இடம், ஆனால் கவலைப்பட அவளுக்கு நேரம் இல்லை.

ஜூன் மாதம் அந்தோணியார் கொடி ஏறியது. ஆல்பின் ஒரு நாள் சாப்பிடும்போது மெதுவாக ஆரம்பித்தான்.

"காவிச் சேலை எடுக்கணுமே. கள்ளக்குறிச்சி போய்க்கினு வரலாமா?"

"எதுக்கு?"

"வேண்டிக்கினு இருந்தியே."

ஜூலியா பிசைந்த சோற்றை அப்படியே தட்டில் விட்டாள். "ஏங்க, ஒரு தலைவரு முந்தானய ஏந்திக்கினு தெருவுல நின்னா ஊரு இன்னா நெனைக்கும்? அதுவும் அந்த ஆயம்மாக்கா வூட்டு வாசல்ல. அவங்க சிரிக்கிற சிரிப்பு மூங்கில்துறைப்பட்டு வரைக்கும் கேக்கும்."

"ஓட்டு கேக்கறப்ப கைய ஏந்தினியே."

"அது வேற. கஞ்சி இன்னா கஞ்சி, பிரியாணியே போடறேன். சாமிக்கு ஜாஸ்திதான ஆவுது, கம்மியா ஆவுது?"

ஆல்பின் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டான். அவன் அதிகம் பேசுகிற ஆள் இல்லை. ஆலை இரைச்சலில் வேலை பார்த்தவர்களுக்கு வீட்டில் அமைதிதான் பிடிக்கும்.

சொன்னபடியே மூட்டை மூட்டையாகச் சீரக சம்பா வந்து இறங்கியது. சமையல் கண்ணாயிரம் வரவழைக்கப்பட்டார். கோயில் வாசலில் ஒரு ஃபிளெக்ஸ். அதில் கைகூப்பிய ஜூலியா முழு உயரத்துக்கும், அந்தோணியார் ஒரு மூலையில் தபால்தலை அளவுக்கும் இருந்தார்கள். அன்னதானம் வழங்குபவர் யார் என்பதில் யாருக்கும் சந்தேகம் வரக் கூடாது என்று அச்சடித்தவர்கள் கவனமாக இருந்திருக்கிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மாலை திருநாள் பூசை. வெளியூர் சாமியார்கள், பேண்டு வாத்தியம், தேர் முழுக்கச் சரவிளக்கு, கோயில் கொள்ளாத கூட்டம். எல்லாருக்காகவும் ஆண்டவரிடம் வேண்டிக்கொள்கிற மன்றாட்டு நேரம் வந்ததும் பங்குச் சாமியார் புன்சிரிப்போடு, "நம்ம ஜூலியாம்மா வந்து ஒரு மன்றாட்டு சொல்லட்டும். அவங்க ஜெபத்தைக் கேட்டு ரொம்ப நாளாச்சு" என்றார்.

ஜூலியா பட்டுச் சேலை சரசரக்கப் போனாள். மைக்கைக் கையில் வாங்கினாள். வாங்கின உடனே, மேடைப் பழக்கத்தில், பீடத்துக்கு முதுகைக் காட்டிக் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினாள்.

"என் பேரன்புக்குரிய பெரியோர்களே, தாய்மார்களே" என்று ஆரம்பித்தாள். குரல் கணீரென்று வந்தது. "நம்ம ஊராட்சியில நான் பொறுப்புக்கு வந்து, புதுசா மேல்நிலைத் தொட்டி கட்டி, சுடுகாட்டுப் பாதைக்கு விளக்குப் போட்டு..."

முதலில் பாடகர் குழுவில் ஒருத்தி சிரித்தாள். அப்புறம் பெண்கள் பக்கம், ஆண்கள் பக்கம், சாமியார்கள் கூட. கெட்ட சிரிப்பு இல்லை, பூசையில் வாய் தவறினால் வருகிற சிரிப்புதான். ஜூலியாவும் நாக்கைக் கடித்துக்கொண்டு சிரித்தாள். சிரித்தபடியே பீடத்தின் பக்கம் திரும்பி, "ஆண்டவரே" என்றாள்.

அவ்வளவுதான். அதற்கு மேல் ஒன்றும் வரவில்லை. அவள் காத்திருந்தாள், கூட்டமும் காத்திருந்தது. முன்பெல்லாம் "ஆண்டவரே" என்று வாயைத் திறந்தால் போதும், மற்றது தானாக வரும்; அடுத்தவர் கஷ்டம், தன் கஷ்டம், நன்றி, கோபம் எல்லாம் கூட வரும். இப்போது உள்ளே தேடிப் பார்த்தால் தொட்டியும் விளக்கும் சால்வையும்தான் இருந்தன. பங்குச் சாமியார் பக்குவமாகத் தானே இரண்டு வார்த்தை சொல்லி முடித்துவைத்தார்.

பிரியாணி பிரமாதம் என்று எல்லாரும் சொன்னார்கள். ஜூலியா ஒரு வாய் வைக்கவில்லை.

மறுநாள் காலையில் ஆல்பின் வேலைக்குக் கிளம்பும்போது அவள் அடுப்படியில் சும்மா உட்கார்ந்திருந்தாள்.

"வாய் தவறிப் பேசினதுக்கா இப்படி இருக்கற? சிரிச்சிட்டுப் போய்ட்டாங்க, வுடு."

"பேசினது போவுதுங்க. அதுக்கப்பறம் ஒண்ணும் வரல. காத்தாலர்ந்து முட்டி போட்டுப் பாக்கறேன், இப்பவும் வரல. என்னமோ தெரியாத ஆளு வூட்டுக் கதவத் தட்டற மாதிரி இருக்குது." அவள் குரல் உடைந்தது. "எனக்குப் பயமா இருக்குதுங்க. நாற்காலி போனா போவுது. இது போச்சின்னா நான் இன்னா பண்ணுவேன்?"

ஆல்பின் சாப்பாட்டுப் பையைக் கீழே வைத்துவிட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"கொடி நாளைக்கு சாயங்காலந்தான் எறங்குது" என்றான்.

அன்றைக்கே கள்ளக்குறிச்சி போய்ச் சேலை வாங்கிவந்தாள்.

செவ்வாய்க்கிழமை காலை ஆற்றுப்புதூர் கண்ட காட்சியை நம்பாமல் சில பேர் கண்ணைக் கசக்கிக்கொண்டார்கள். காவிச் சேலையில், வெறுங்காலோடு, முந்தானையை இரண்டு கையாலும் ஏந்தி, தலைவரம்மா வந்துகொண்டிருந்தாள். கோயில் தெருவில் சிக்கல் இல்லை, அழுதுகொண்டே போட்டார்கள். ஊர்த்தெருவில்தான் குழப்பம். தலைவர் திடீர் ஆய்வுக்கு வந்துவிட்டார் என்று ஒரு வீட்டில் குழாயடியைக் கழுவ ஓடினார்கள். இன்னொரு வீட்டில் நாற்காலி போட்டு மோர் கொண்டுவந்தார்கள். ஒருத்தர் சாக்கடைக்கு எழுதி வைத்திருந்த மனுவை எடுத்து அப்படியே மடியில் போட்டார்.

"மனு நாளைக்கு வாங்கிக்கிறேன், மாமா. இன்னிக்கு அரிசி" என்றாள் ஜூலியா. ஆனால் போட்டதைத் திருப்பிக் கொடுக்கவில்லை. விதி விதிதானே.

ரேஷன் அரிசி விழுந்தது, பொன்னி விழுந்தது, இட்லி அரிசி விழுந்தது. கரும்பு வெட்ட மலையிலிருந்து இறங்கி வந்து ஏரிக்கரையில் குடிசை போட்டிருந்த சடையன், "எங்களாண்ட அரிசி இல்லீங்க, சாமைதான் இருக்குது, போடலாமா?" என்று தயங்கிக் கேட்டார். அவர்களுக்கு ஓட்டு மலையில் கரியாலூர்ப் பக்கம் இருந்ததால் இந்தக் குடிசைக்கு அவள் பிரச்சாரத்தின்போது வந்ததில்லை. "போடுங்கண்ணா" என்று மடியை நீட்டினாள். ஒரு மணி கீழே சிந்தாமல் மடியைக் கூட்டிப் பிடித்துக்கொண்டாள்.

பின்னாலேயே கூட்டம் சேர்ந்துவிட்டது. யாரும் கூப்பிடாமல் மேளக்காரர்களும் வந்து சேர்ந்தார்கள். மடி நிறைய நிறைய அரிசியைச் சாக்கில் கொட்டிக்கொண்டு பெண்கள் கூடவே நடந்தார்கள். எல்லாரும் பேசாமல் எண்ணிக்கொண்டு வந்தது ஒரே ஒரு வீட்டைத்தான்.

அந்த வீட்டு வாசல் வந்தது. மேளம் தானாக நின்றது. ஆயம்மாள் நிலைப்படியில் கைகட்டி நின்றிருந்தாள்.

"வா தலைவரே" என்றாள். "ஓட்டு கேக்க எல்லா வூட்டுக்கும் போன. என் வூட்டுக்கு மட்டும் வரல. ஜெயிச்சிட்டு வந்தப்ப என் வூட்டு முன்னாடிதான் மேளத்த ஜாஸ்தியா அடிச்சீங்க. இல்லன்னு சொல்லு."

"ஆமாக்கா."

"இப்ப இன்னா வேணும்?"

ஜூலியாவின் காதெல்லாம் சுட்டது. திரும்பிப் போய்விட இன்னமும் வழி இருந்தது. கால் நகரவில்லை. மடியை இன்னும் கொஞ்சம் நீட்டி, தெருக்கோடி வரைக்கும் கேட்கும்படி சொன்னாள்: "அந்தோணியார் பேரால பிச்ச போடுங்கக்கா."

ஆயம்மாள் திரும்பி உள்ளே போனாள். போனவள் வரவேயில்லை. வெயில் ஏறியது. "வராது, நீ வாம்மா" என்று பின்னாலிருந்து யாரோ கிசுகிசுத்தார்கள். ஜூலியா அசையவில்லை. பதினோரு ஓட்டுக்காகத் தெருத்தெருவாக நின்றவள், இதற்கு நிற்க மாட்டாளா?

கடைசியில் ஆயம்மாள் வெளியே வந்தாள். கையில் முறம் நிறையப் புது அரிசி, தோளில் மடித்த ஒரு புடவை.

"உன் மடி தாங்காது" என்று சொல்லிப் புடவையை விரித்து, ஜூலியாவின் முந்தானைக்கு அடியில் கொடுத்து முடிந்தாள். முடிச்சுப் போடும்போது இரண்டு பேர் முகமும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தது. ஆயம்மாள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"நானும் எங்க மாரியாத்தாளாண்ட வேண்டிக்கினேன். தோத்துட்டேன். சரி போவுதுன்னு ஆடிக்குக் கூழ் ஊத்தலாம்னுதான் இருந்தேன். உன் பேனரப் பாத்தேன். ஜெயிச்சவளே சாமிய மறந்துட்டா, தோத்தவ நான் இன்னாத்துக்கு நெனைக்கணும்னு ஆயிப்போச்சி."

ஜூலியா நிமிர்ந்து பார்த்தாள். தன் வீட்டுக்குள் மட்டும் எரிகிறது என்று நினைத்துக்கொண்டிருந்தவளுக்கு, அடுத்த வீடு வரைக்கும் பரவியது அப்போதுதான் தெரிந்தது. "தப்பு பண்ணிட்டேன்க்கா" என்றாள்.

"அதான் வந்துட்டியே." ஆயம்மாள் முறத்தைச் சாய்த்தாள். அரிசி விழுந்த கனத்தில் ஜூலியா ஒரு அடி முன்னால் தள்ளாடினாள், ஆயம்மாள் அவள் தோளைத் தாங்கிப் பிடித்தாள். அவ்வளவு நேரம் அடக்கிவைத்திருந்த மேளம் ஒரே இடியாக இடித்தது. "ஆடிக் கூழுக்கு நீ வந்து கரண்டி புடிக்கணும்" என்று ஆயம்மாள் அந்தச் சத்தத்துக்கு மேல் கத்தினாள். ஜூலியா தலையை ஆட்டினாள், கண்ணைத் துடைக்க அவளுக்குக் கை ஒழியவில்லை.

மிச்சம் இருந்தது ஒரு வீடு. ஆல்பின் ஷிப்டை மாற்றிக்கொண்டு வந்து, ஒரு படி நிறைய அரிசியோடு தன் வாசலில் நின்றிருந்தான்.

"எங்க வூட்டுக்கும் நீ ஓட்டு கேட்டு வரவேயில்லயே, தலைவரே" என்றான். தெருவே சிரித்தது. ஜூலியாவும் சிரித்தாள். மடியை நீட்டினாள், அவன் குனிந்து மெதுவாகப் போட்டான்.

கெபிக்கு முன்னால் கண்ணாயிரம் உலை வைத்துவிட்டு இடுப்பில் கை வைத்து நின்றார். சாக்கைப் பிரித்துப் பார்த்ததும் தலையில் அடித்துக்கொண்டார். "இது இன்னா அரிசிம்மா? ஒண்ணு வெந்தா ஒண்ணு வேவாது. சாமை வேற. நடுவுல காயிதம் வேற."

"கஞ்சிதானண்ணா. வேவட்டும்" என்று சொல்லிவிட்டு, மடியில் இருந்த கடைசி அரிசியைக் கொட்டாமல் அப்படியே ஏந்திக்கொண்டு ஜூலியா அந்தோணியார் முன்னால் முட்டி போட்டாள். யாரோ மைக்கை நீட்டினார்கள். வேண்டாம் என்று தலையசைத்தாள்.

"ஆண்டவரே" என்றாள்.

ஒரு நொடி ஒன்றும் இல்லை. அப்புறம் வந்தது. கர்த்தர் கற்றுக்கொடுத்த ஜெபம், சின்ன வயதில் பாடமான அதே ஜெபம், தொண்டையைத் தள்ளிக்கொண்டு மேலே வந்தது. கோயில் தெரு முழுக்கச் சேர்ந்துகொண்டது. அன்றாட உணவைத் தரச் சொல்லிக் கேட்கும் இடம் வந்தபோது ஜூலியா தன் மடியைப் பார்த்தாள். ரேஷன் அரிசி, பொன்னி, சாமை, ஆயம்மாள் வீட்டுப் புது அரிசி. எத்தனையோ ஆயிரம் முறை சொன்ன வரி, கையேந்திக்கொண்டு சொன்னது இதுதான் முதல் முறை. அவள் விம்மிவிட்டாள். சந்தோஷத்தில்தான். ஓட்டு எண்ணின அன்றைக்குக்கூட இவ்வளவு சந்தோஷம் இல்லை.

பின்னால் கும்பிட்டபடி நின்ற ஆயம்மாளுக்கு ஜெபம் தெரியாது. மற்றவர்கள் "ஆமென்" சொன்னபோது அவளும் சொன்னாள். மேலே கொடி இன்னும் பறந்துகொண்டிருந்தது.

"ஜெபமெல்லாம் சாமி கேட்டுக்கினாரு" என்று கண்ணாயிரம் அடுப்பிலிருந்து குரல் கொடுத்தார். "அந்த அரிசியக் கொண்டாம்மா, உலை கொதிச்சிக்கினு இருக்குது."

ஜூலியா எழுந்து ஓடினாள்.